சாவுக்குப் பின்னால் வந்த நலம்

அத்தியாயம் 6

படகுத் தச்சன் மரம் செதுக்கும் வாச்சியைத் தீட்டினால் அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஆனால் வேதநாயகம் படகைத் தொட்டே வாரக்கணக்கில் ஆகிறது. போர்ட் பிளேரின் ஜங்லிகாட் கரையில், பாதி கட்டிப் போட்ட படகின் நிழலில் உட்கார்ந்துகொண்டு காலையிலிருந்து அந்த வாச்சியையே தீட்டிக்கொண்டிருந்தான். கல்லில் இரும்பு உரசும் ஒவ்வொரு தடவையும் நீலாவதிக்குப் பல் கூசியது.

“சாயந்தரம் கப்பல் வருது,” என்றான் தலையைத் தூக்காமல். “எம் மச்சினன் லூர்துநாதன் அதுலதான் வாரான். நீங்க துப்பறிஞ்சு சொன்னாலும் சரி, சொல்லாட்டாலும் சரி. சாத்தம் ஜெட்டில அவன் கால வைக்கட்டும். பொறவு நான் பாத்துக்கிடுதேன்.”

“அதுவரைக்கும் அதை என்கிட்ட கொடுங்களேன். எங்க வீட்ல தேங்காய் உடைக்க ஒண்ணும் இல்லை,” என்றாள் நீலாவதி.

அவன் சிரிக்கவில்லை. சிரிக்க வைக்கும் நிலையில் அவளும் இல்லைதான். ஆனால் பயம் வந்தால் அவளுக்கு வாய் தானாக ஓடும். அந்த வாய்க்காகவே மரக் காண்ட்ராக்டர் ஒருவர் அவளை டைப்பிஸ்ட் வேலையிலிருந்து அனுப்பினார். அதே வாய்க்காக ஜம்புலிங்கம் அவளை உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். மெட்ராஸ் போலீஸை உதறிவிட்டு வந்து, போர்ட் பிளேரில் காணாமல் போகிற படாக் மரத்தையும் காணாமல் போகிற மாப்பிள்ளைகளையும் தேடித் தருகிறவர் அவர். மனிதர் பேசினால் முத்து உதிர்ந்துவிடும் என்பது மாதிரி இருப்பார். பேச்சுக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது.

ஜம்புலிங்கம் முழங்கால் மீது இரண்டு தந்திகளை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான். முதலில் வந்தது: ‘லூசி இறந்துவிட்டாள்.’ மறுநாள் வந்தது: ‘லூசி நலம். முதல் கப்பலில் வரவும்.’

லூசி, வேதநாயகத்தின் மனைவி. பிரசவத்துக்காகத் தூத்துக்குடிப் பக்கம் அண்ணன் வீட்டுக்குப் போனவள். இரண்டாவது தந்தி கைக்கு வந்ததும் வேதநாயகம் ஜங்லிகாட் முழுக்க ஓடியிருக்கிறான். எம் பொண்டாட்டி சாகல, முந்தின தந்தி பொய் என்று எதிரில் வந்தவர்களை எல்லாம் கட்டிக்கொண்டிருக்கிறான். பெங்காலிக் கடையில் இருந்த மிட்டாயை எல்லாம் வாரி இறைத்திருக்கிறான். மாதா கோயில் மணியை அடித்திருக்கிறான். பிறகுதான் வயர்லெஸ் ஆபீஸிலிருந்து ஆள் வந்து சொன்னது. ‘நலம்’ என்ற தந்திதான் முந்திக் கொடுக்கப்பட்டது, வழியில் தங்கிவிட்டது, பின்னால் கொடுத்த சாவுத் தந்தி அதைத் தாண்டி வந்துவிட்டது. லூசி அவனுக்கு அன்றைக்கு இரண்டாம் முறை செத்தாள்.

“சீரியஸ்னு ஒரு வார்த்தை எழுதியிருந்தா அன்னைக்கே வந்திருக்கும்னு சொல்லுதாவ,” என்றான் வேதநாயகம். “நான் முந்தின கப்பலப் பிடிச்சிருப்பேன். அவ மூஞ்சிய உசிரோட பாத்திருப்பேன். லூர்துநாதனுக்கு நான் ஆரம்பத்துலேருந்தே ஆகாது. தங்கச்சியக் கடல் தாண்டிக் கூட்டிட்டுப் போயிட்டேன்னு காந்தல். நான் வரக் கூடாதுன்னே ‘நலம்’னு எழுதிருக்கான்.”

ஜம்புலிங்கம் எழுந்தார். “சாயந்தரத்துக்குள்ள சொல்றேன். அதுவரைக்கும் ஜெட்டிப் பக்கம் போகாதே.”

“தீட்டி முடிச்சாத்தானே போவேன்,” என்றான் அவன்.

*

வயர்லெஸ் ஆபீஸ் மேட்டில் இருந்தது. அதன் தலைமைக் குமாஸ்தா திருநாவுக்கரசு அவர்களை உட்காரச் சொல்லவில்லை. நேராக ஐந்து அறை கொண்ட ஒரு மர அலமாரியிடம் கூட்டிப்போனார்.

“யாரோ வேணும்னே அமுக்கிட்டாங்கன்னு சொல்றாங்க,” என்று ஆரம்பித்தாள் நீலாவதி.

“அமுக்கினது விதிம்மா. அந்த விதியை எழுதினது நான்.”

இப்படிச் சட்டென்று ஒப்புக்கொள்கிற ஆளை அவள் இந்தத் தொழிலில் பார்த்ததில்லை. அடுத்து என்ன கேட்பதென்று தெரியாமல் முதலாளியைப் பார்த்தாள். அவர் அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மெயின்லேண்டுக்கும் நமக்கும் நடுவுல கம்பி கிடையாது,” என்றார் திருநாவுக்கரசு. “ஆகாசத்துல ஒரே ஒரு வழி. வானம் நல்லா இருந்தா காலையில கொஞ்ச நேரம், சாயந்தரம் கொஞ்ச நேரம். ஒத்தையடிப் பாதை மாதிரி. அதுல சர்க்கார் சேதியும் போகணும், சம்சாரி சேதியும் போகணும். முன்னாடியெல்லாம் முதல்ல வந்தவன் முதல்ல போவான். ஒரு நாள் ஒரு காண்ட்ராக்டர் மரக் கணக்கை முழம் முழமா அனுப்பிட்டு இருந்தார். பின்னாடி ஒரு பொம்பளை, பிள்ளைக்கு மருந்து கேட்டு ரெண்டு வரி எழுதி வச்சுட்டு அழுதுட்டு நிக்கறா. அன்னைக்கு ராத்திரி உட்கார்ந்து எழுதினேன் இந்த விதியை. மெட்ராஸ்லயும் இதே அலமாரிதான். ரெண்டு பக்கமும் ஒரே விதி இல்லைன்னா வேலை நடக்காது.”

மேல் அறை புயலுக்கும் கடல் ஆபத்துக்கும். அதற்குக் கீழே சர்க்கார். மூன்றாவது சாவும் சீரியஸும். நான்காவது வியாபாரம். அடியில், குனிந்தால்தான் கைக்கு எட்டும் உயரத்தில், வாழ்த்தும் நலமும்.

“எது எந்த அறைன்னு எப்படி முடிவு பண்ணுவீங்க?” என்று கேட்டார் ஜம்புலிங்கம்.

“வார்த்தையை வச்சு. சீரியஸ்னு இருந்தா மூணாவது. நலம்னு இருந்தா கடைசி. கொடுக்கறவர் மனசுல என்ன இருக்குன்னு எனக்கெப்படித் தெரியும்?”

“ஒரு அறை காலியானாத்தான் அடுத்த அறையா?”

“ஆமா. மேல ஒண்ணு கிடக்கிறவரைக்கும் கீழ கை வைக்கக் கூடாது.” திருநாவுக்கரசின் குரல் தணிந்துவிட்டது. “அந்தச் சமயம் பார்த்துப் புயல். மெட்ராஸ் அலமாரியில மேல் அறை நிரம்பிக்கிட்டே இருந்துச்சு. அது அடங்கினதும் அரிசிக் கப்பல் எங்கேன்னு சர்க்கார் சேதி. கடைசி அறையில ஊர்ப்பட்ட கிறிஸ்துமஸ் வாழ்த்து. அதுக்கு நடுவுல இந்தப் பொண்ணு.”

“நல்ல விதி சார்,” என்றாள் நீலாவதி. “செத்தாத்தான் உங்ககிட்ட மரியாதை.”

சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துவிட்டுப் போட்டுக்கொள்ளவே இல்லை.

“சரியாத்தான் சொன்னே,” என்றார். “நேத்து ஒரு விதி சேர்த்துட்டேன். எத்தனை கூட்டம் இருந்தாலும் கடைசி அறையிலேருந்து தினம் கொஞ்சம் எடுத்தே ஆகணும்னு. மெட்ராஸ் ஒத்துக்கிட்டாச்சு. அந்தப் பையன்கிட்ட இதைச் சொல்லலாம்னு ஜங்லிகாட் வரைக்கும் போனேன். போய் என்னன்னு சொல்றது? திரும்பி வந்துட்டேன்.”

வெளியே வந்ததும் நீலாவதிக்குத் தன் மீதே கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “இவர் குற்றவாளி இல்லை சார். அப்ப மச்சினன்தான். விதி தெரிஞ்ச ஆளு. வேணும்னே கடைசி அறைக்குத் தள்ளிட்டான்.”

“தந்தியை இன்னொரு தடவை சொல்லு.”

“லூசி நலம். முதல் கப்பலில் வரவும்.”

“வரக் கூடாதுன்னு நினைக்கிறவன் தந்தியே கொடுக்க மாட்டானே. அதுவும் நலமா இருக்கிறவளைப் பார்க்க எதுக்கு முதல் கப்பல்? அடுத்த கப்பல், அதுக்கடுத்த கப்பல்னு ஆடி அசைஞ்சு வந்தா போதாதா?” ஜம்புலிங்கம் இறக்கத்தில் மெல்ல நடந்தார். “எழுதின ஆளுக்கு ரெண்டு ஆசை, நீலா. இவன் பறந்து வரணும். வரும்போது பயப்படக் கூடாது. இந்த ரெண்டும் சேர்ந்து பகைக்காரனுக்கு வருமா?”

நீலாவதி நின்றுவிட்டாள். “யாருக்கு சார் வரும்?”

“அதைத்தான் கேட்கப் போறோம்.”

*

சூசைமேரி, வேதநாயகத்தின் பக்கத்து வீட்டுக்காரி. மீன் விற்றுத் திரும்பி, கூடையைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். லூசி பேரை எடுத்ததும் முந்தானையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள்.

“க்யா கரேகா, என்ன செய்ய பிள்ள, போயிட்டா,” என்றாள். “அவ சத்தம் இல்லாம இந்தத் தெருவே செத்துக் கெடக்கு.”

“அக்கா, வேதநாயகத்துக்குத் தந்தின்னா பயமா?” என்று கேட்டாள் நீலாவதி. என்ன கேட்க வேண்டும் என்று வழியிலேயே ஜம்புலிங்கம் சொல்லிக் கொடுத்திருந்தார்.

“பயமா? ஆத்தாடி! உனக்குத் தெரியாதா அந்தக் கத?” சூசைமேரி கூடையை விட்டுவிட்டாள். “போன வருசத்துக்கு முந்தின வருசம் அவுக அம்மைக்கு சீரியஸ்னு தந்தி வந்துச்சு. நம்ம ஊர்ல சீரியஸ்னா என்ன அர்த்தம்? செத்தாச்சுன்னுதானே அர்த்தம்! பட்டுன்னு சாவுன்னு அடிச்சா கேக்கவன் நெஞ்சு வெடிச்சுருமாம். அதுக்காக சீரியஸ்னு அடிப்பாவ. புருசனும் பொண்டாட்டியும் கப்பல் ஏறினாவ. நானும் அதே கப்பல்லதான் போனேன். நாலு நாளு, பிள்ள! சோறு இல்ல, தண்ணி இல்ல, அம்மையக் குழியில வச்சிருப்பாவன்னு மேல்தட்டுல கெடந்து உருளுதான். ஒரு நாள் கம்பியத் தாண்டிக் கடல்ல குதிக்கவே போயிட்டான். லூசி தன் சேலத் தலப்ப அவன் கையில கட்டிக்கிட்டுத்தான் படுத்தா.”

“அம்மா?”

“போயிப் பாத்தா கெழவி குத்துக்கல்லாட்டம் உக்காந்து மீன்கொழம்பு திங்கா! காய்ச்சலாம். அது நெசமாவே சீரியஸாம்.” சூசைமேரிக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் அழுகையாக மாறியது. “திரும்பி வந்ததும் மாதா கோயில்ல வச்சு லூசிகிட்ட சத்தியம் வாங்கினான். ‘உனக்கு என்ன ஆனாலும் எனக்கு சீரியஸ்னு மட்டும் தந்தி வரக் கூடாது. வந்தா நாலு நாள் தாங்க மாட்டேன், கடல்லதான் குதிப்பேன்’னான். இவ சிரிச்சுக்கிட்டே மெழுகுவத்தியத் தொட்டுச் சத்தியம் பண்ணினா.”

நலம் என்று எழுதச் சொன்னது யார் என்று இப்போது நீலாவதிக்குத் தெரிந்துவிட்டது. பிரசவப் படுக்கையில் கிடந்துகொண்டு, புருஷன் கப்பலில் பயப்படக் கூடாதே என்று தன் சாவை ‘நலம்’ என்று எழுதச் சொன்ன ஒருத்தியை நினைத்தபோது, அவளுக்கு அழுகை பீறிட்டது. துப்பறியும் உதவியாளர் சாட்சி முன்னால் அழக் கூடாது என்பது ஜம்புலிங்கத்தின் விதி. அன்றைக்கு அவரே தன் கைக்குட்டையை எடுத்து நீட்டினார்.

*

சாத்தம் மர ஆலைக்குப் போகும் லாரி ஒன்று அவர்களை ஏற்றிக்கொண்டது. வழியில் போய்ப் பார்த்தபோது வேதநாயகம் படகடியில் இல்லை. வாச்சியும் இல்லை.

“ஜல்தி போப்பா!” என்று சர்தார்ஜி டிரைவரிடம் தமிழிலும் இந்தியிலும் மாறி மாறிக் கெஞ்சினாள் நீலாவதி.

“இதை அவன்கிட்ட சொல்லக் கூடாது,” என்றார் ஜம்புலிங்கம்.

“எதை?”

“நாம கண்டுபிடிச்சதை. திருடன் கிடைச்சா விலங்கு மாட்டலாம். இங்க யாருக்கு மாட்டறது? அவன் வாங்கின சத்தியம்தான் அவனை அவகிட்ட போக விடாம பண்ணிடுச்சு. இதைக் கேட்டுட்டு ஒரு மனுஷன் எப்படி உசிரோட இருப்பான்? புயல்னு சொல்லிடுவோம்.”

“பொய்யா சார்? நீங்களா?”

“புயல் அடிச்சது நிஜம்தானே,” என்றார் அவர். குரலில் பலமே இல்லை.

நீலாவதி சரி என்றாள். மனசாரத்தான் சொன்னாள்.

ஜெட்டியில் கப்பல் கட்டியாகிவிட்டது. “ஹட் ஜாவ், ஹட் ஜாவ்!” என்று போலீஸ்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டிருந்தார். ஏணியடியில் வேதநாயகம் நின்றான்; கையில் ஒரு சாக்குப் பை. சட்டையில் கறுப்புத் துணி குத்திய ஒருவன் டிரங்குப் பெட்டியோடு இறங்கி வந்தான். அவன்தான் லூர்துநாதன் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வேதநாயகத்தைக் கண்டதும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் நீட்டினான்.

“மச்சான்...”

“தந்தி எழுதினது யாரு?”

நீட்டிய கைகள் அப்படியே நின்றன. லூர்துநாதன் தரையைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்தான்.

“நான்தான்.”

“நலம்னு எழுதினது?”

“எங் கைதான். போஸ்டாபீசுல கொடுத்ததும் நான்தான். தப்பு என்னோடது. வெட்டுததுன்னா வெட்டு. நான் தடுக்க மாட்டேன்.”

சாக்கு கீழே விழுந்தது. கூட்டம் சிதறியது. ஜம்புலிங்கம் பாய்ந்து வேதநாயகத்தின் மணிக்கட்டைப் பிடித்துத் தொங்கினார். “புயல்தான்யா காரணம்! புயல்ல தந்தி நின்னுபோச்சு! நான் விசாரிச்சுட்டேன்!”

“புயலா ‘நலம்’னு எழுதிச்சு?” வேதநாயகம் ஒரே உதறலில் அவரைக் கீழே தள்ளினான். வாச்சி மேலே எழுந்தது. லூர்துநாதன் கண்ணை மூடிக்கொண்டானே ஒழிய, ஓர் அடி பின்வாங்கவில்லை.

“லூசி சொல்லித்தான் எழுதினாரு!”

கத்தியது யார் என்று நீலாவதிக்கே புரிய ஒரு கணம் ஆயிற்று. வாயைப் பொத்திக்கொண்டாள். இனிப் பொத்தி என்ன, திறந்து என்ன?

“வாய மூடு தாயி!” என்று அலறினான் லூர்துநாதன். “நான்தான்னு சொல்லுதேன்ல!”

வேதநாயகத்தின் கை உயர்ந்தபடியே இருந்தது. “லூசியா?” என்றான். “லே, அவளா எழுதச் சொன்னா? எதுக்கு?”

லூர்துநாதன் அப்படியே பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டான். அவ்வளவு நாள் அடக்கி வைத்திருந்தது உடைந்து வந்தது.

“பிள்ள பொறந்து ஜன்னி கண்டுட்டு மச்சான். நான் சீரியஸ்னுதான் எழுதினேன். கெளம்பும்போது வாசிச்சுக் காட்டச் சொன்னா. கேட்டுட்டுக் கிழிச்சுப் போட்டா. ‘இதப் பாத்தா அவரு கப்பல்லயே செத்துருவாரு. சத்தியம் பண்ணிருக்கேன். நலம்னு போடு, வந்த பொறவு பாத்துக்கிடட்டும்’னா. இத உங்கிட்ட நான் எந்த வாயால சொல்லுவேன்? தந்தி வந்திருக்கும், நீ கப்பல் ஏறியிருப்பன்னுதான் நாங்களும் இருந்தோம். அவ கண்ண மூடுத வரைக்கும் இன்னொரு தந்தி அடிக்கணும்னு ஒருத்தனுக்கும் தோணல. ‘அண்ணே, இப்ப எங்கன வந்திருப்பாரு, பாதிக் கடல் தாண்டியிருப்பாரா’ன்னு கேட்டுக்கிட்டே கெடந்தா. நானும் தாண்டியிருப்பாரு, தாண்டியிருப்பாருன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். பொம்பளப் பிள்ள மச்சான். எம் பொண்டாட்டி பால் குடுக்கா. ஒன்னைய ஊருக்குக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன்.”

வாச்சி கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. ஜம்புலிங்கம் மெல்ல எழுந்து அதைத் தள்ளி வைத்தார். நீலாவதியை அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்டோம் என்று சொல்லிக்கொள்ளலாம்தான். ஆனால் எதிரில் நின்ற மனிதனின் முகத்தைப் பார்த்தால் எந்த உயிரை என்று கேட்கத் தோன்றியது.

வேதநாயகம் அழவில்லை. தன் வெறும் கையைப் பார்த்தான். பிறகு நீலாவதியிடம் வந்தான். உண்மையைச் சொன்னவள் என்பதால் இதற்கும் அவளிடம் பதில் இருக்கும் என்று நினைத்தானோ என்னவோ.

“எம் பேச்ச அவ கேட்டதே இல்ல தாயி,” என்றான். “உப்பக் கொறைன்னா கூட ஒரு கை அள்ளிப் போடுவா. வெயில்ல நிக்காதன்னா அங்கனதான் போய் நிப்பா. பிரசவத்துக்கு ஊருக்குப் போகாத, இங்கனயே ஆஸ்பத்திரி இருக்குன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டாளா? கல்யாணம் ஆன நாள்லேருந்து நான் சொன்ன ஒரு சொல்ல அவ கேட்டதில்ல.”

அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு, ஒரு குழந்தை கேட்பது போலக் கேட்டான்.

“இந்த ஒண்ண மட்டும் ஏன் தாயி கேட்டா?”